ஓவர்டிரைவ் இருக்கிற பழைய காருக்கு எந்த ஆக்சில் ரேஷியோ: 3.9, 3.7, 3.3

ஓவர்டிரைவ் ஒழுங்காக வேலை செய்கிற பழைய கார் ஒன்று கைக்கு வந்ததும் பலருக்கும் அடுத்து வருகிற ஆசை ஒன்றுதான்: பின் ஆக்சிலையும் மாற்றிவிட்டால் நெடுஞ்சாலையில் இன்ஜின் இன்னும் அமைதியாக ஓடுமே. எனக்கும் அந்த ஆசை வந்தது. மாற்றினேன், ஒரு வருடம் ஓட்டினேன், அப்புறம் பாதி வழி திரும்பி வந்தேன். அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓவர்டிரைவ் என்பதே நெடுஞ்சாலைக்கான கியர், டாப் கியருக்கும் மேலே இன்ஜின் சுற்றைக் குறைக்கிற கூடுதல் கியர். அது இருக்கிற காரில் ஆக்சில் ரேஷியோவைத் தேர்ந்தெடுக்கும்போது ஓவர்டிரைவில் எத்தனை ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்று) என்று மட்டும் பார்க்கக் கூடாது. ஓவர்டிரைவ் இல்லாமல் வெறும் டாப் கியரில் வண்டி எப்படி இழுக்கும் என்று பார்த்து எடுக்க வேண்டும்.

ஒரு குழப்பத்தை முதலில் ஒழித்துவிடலாம். ஆக்சில் ரேஷியோ 3.909 என்றால், கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகிற புரொப்பெல்லர் ஷாஃப்ட் 3.909 சுற்று சுற்றினால் பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்று அர்த்தம். ஆக்சிலுக்குள் இருக்கிற பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலில் 43 பல், அதைச் சுற்றவைக்கிற சின்னப் பல்சக்கரமான பினியனில் 11 பல், 43-ஐ 11-ஆல் வகுத்தால் அந்த எண். எண் பெரிதாக இருந்தால் இழுவை அதிகம், இன்ஜின் வேகமாகச் சுற்றும். எண் சிறியதானால் இழுவை குறையும், இன்ஜின் மெதுவாகச் சுற்றும். ‘லோ ஆக்சில்’, ‘ஹை ஆக்சில்’ என்று பேசுகிறவர்களில் ஒருவர் எண்ணைச் சொல்வார், இன்னொருவர் கியரைச் சொல்வார், இரண்டும் நேர் எதிர். பழைய ஆக்சில் வாங்கப் போகிறீர்கள் என்றால் அந்தச் சொற்களை விட்டுவிட்டு இரண்டிலும் எத்தனை பல் என்று கேளுங்கள். 43/11 என்றால் 3.909, 37/10 என்றால் 3.7, 43/13 என்றால் 3.307, 43/14 என்றால் 3.071.

இந்த எண்களைப் பார்த்ததுமே சிலருக்குப் புரிந்திருக்கும், நான் எம்ஜிபி என்கிற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வைத்துத்தான் பேசுகிறேன். எனக்குப் பழக்கமான கார் அது, பாகங்கள் மாற்றிப் போட அதிகம் வழியிருக்கிற காரும் அது. ஆனால் கணக்கு எந்தக் காருக்கும் ஒன்றுதான்.

எம்ஜிபியில் இருப்பது லேகாக் டி நார்மன்வில் ஓவர்டிரைவ். கியர்பாக்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பிளானட்டரி கியர் அமைப்பு, அதாவது நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றிச் சின்னப் பல்சக்கரங்கள், வெளியே ஒரு பல்வட்டம். சுவிட்சைப் போட்டதும் எண்ணெய் அழுத்தம் ஒரு கோன் கிளட்சைத் தள்ளி நடுவிலிருக்கும் சன் கியரைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ளும், உடனே வெளிவட்டம் உள்ளே வருகிற ஷாஃப்டை விட வேகமாகச் சுற்ற ஆரம்பிக்கும். பிற்கால எம்ஜிபியில் இதன் ரேஷியோ 0.82, முந்தையதில் 0.802. அதாவது ஒரே வேகத்தில் இன்ஜின் சுற்று சுமார் 18 சதவீதம் குறைகிறது. இந்த 18 சதவீதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கணக்கு இது: மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை 16.67-ஆல் பெருக்கி, ஆக்சில் ரேஷியோவாலும் ஓவர்டிரைவ் ரேஷியோவாலும் பெருக்கி, டயர் ஒரு சுற்றில் உருளும் தூரத்தால், மீட்டரில், வகுத்தால் ஆர்பிஎம் கிடைக்கும். 165 ஆர் 14 டயருக்கு அந்தத் தூரம் சுமார் 1.88 மீட்டர். கையில் இருக்கிற டயருக்குத் தெரியவேண்டுமானால் டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, ஓட்டுநரையும் உட்காரவைத்து, ஐந்து சுற்று உருட்டி அளந்து ஐந்தால் வகுத்துக்கொள்ளுங்கள். டயர் அளவை வைத்துக் காகிதத்தில் போடுகிற கணக்கை விட இதுதான் சரியாக இருக்கும், ஏனென்றால் பாரம் ஏறியதும் டயர் கொஞ்சம் நசுங்கும்.

அந்தக் கணக்குப்படி, 0.82 ஓவர்டிரைவோடு, மணிக்கு 100 கிலோமீட்டரில்: 3.909 ஆக்சிலுக்கு டாப் கியரில் சுமார் 3470, ஓவர்டிரைவில் 2850. 3.7 என்றால் 3290, 2700. 3.307 என்றால் 2940, 2410. 3.071 என்றால் 2730, 2240.

இந்த வரிசையில் என் கண்ணில் முதலில் பட்டது கடைசி எண்கள்தான், எல்லோருக்கும் அப்படித்தான். 2240 என்றால் எவ்வளவு அமைதி! ஆனால் பார்க்க வேண்டிய ஜோடி வேறு. 3.307-இன் டாப் கியர் 2940, 3.909-இன் ஓவர்டிரைவ் 2850. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. 3.307 போடுவது என்றால் இதுவரை சுவிட்சைத் தட்டினால் வந்துகொண்டிருந்த கியரை நிரந்தர டாப் கியராக்கிவிட்டு, அதற்கு மேல் இன்னொரு ஓவர்டிரைவ் வைத்துக்கொள்வது. பழைய டாப் கியர், அதாவது ஒரு லாரியைத் தாண்டவும் சின்ன ஏற்றத்தில் வேகம் விடாமல் போகவும் கை போகிற அந்தக் கியர், காணாமல் போய்விடும்.

முழுக்கக் காணாமல் போகாது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். எம்ஜிபியின் நான்கு கியரும் சிங்க்ரோவான (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு உள்ள) பெட்டியில் மூன்றாவது 1.382, அதில் ஓவர்டிரைவ் போட்டால் 1.133. 3.307 ஆக்சிலோடு மூன்றாவது ஓவர்டிரைவ் கிட்டத்தட்ட 3.7 ஆக்சிலின் டாப் கியர் மாதிரியே இருக்கும். 3.307 போட்டிருந்த அந்த ஒரு வருடம் நான் பெரும்பாலும் அதில்தான் ஓட்டினேன். நான்காவது கியர் சமதளத்துக்கு மட்டும், நான்காவது ஓவர்டிரைவ் பின்காற்று இருந்தால். கையில் இரண்டு அருமையான கியர் இருந்தும் எடுக்க முடியாத நிலை. இன்னொரு விஷயம், பிற்கால எம்ஜிபிகளில் ஓவர்டிரைவ் டாப் கியரில் மட்டும்தான் விழும், மூன்றாவதில் விழாது. அந்தக் காரில் 3.307 போட்டால் இந்த மாற்று வழியும் கிடையாது.

அடுத்து முதல் கியர். நெடுஞ்சாலையையே நினைத்துக்கொண்டிருக்கும்போது மறந்துபோவது இதுதான். ஆக்சில் எல்லாக் கியரையும் மாற்றுகிறது, ரிவர்ஸ் உட்பட. முதல் கியர் 3.44, அதை 3.909-ஆல் பெருக்கினால் 13.4. 3.307-ஆல் பெருக்கினால் 11.4. பழைய ஆக்சிலோடு 2.91 என்கிற முதல் கியரை வைத்துக்கொண்டு கிளம்புவதற்குச் சமம் அது. சமதளத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஏற்றத்தில் நின்று நின்று போகிற நெரிசலில், இரண்டு பேரும் பெட்டியும் இருக்கும்போது, ஒவ்வொரு கிளம்பலிலும் கிளட்சை ஒரு நொடி கூடுதலாக நழுவவிட வேண்டியிருக்கும். சரிவான வாசலில் ரிவர்ஸ் எடுத்து ஏற்றும்போது கிளட்ச் வாசனை வந்த நாளில்தான் நான் மனம் மாற ஆரம்பித்தேன். 3.7 என்றால் இந்த இழப்பு சுமார் 5 சதவீதம், பழகிவிடும். 3.307 என்றால் 15 சதவீதம். பழகுவதற்கு அது கொஞ்சம் அதிகம்.

‘இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் தேயாதே, பெட்ரோலும் குறையுமே’ என்று கேட்பீர்கள். ஓரளவுக்கு உண்மைதான், உராய்வு குறையும். ஆனால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகத் தேவையான சக்தி ஆக்சில் மாற்றினால் குறையாது. அதே சக்தியைக் குறைந்த சுற்றில் கொடுக்க ஒவ்வொரு சுற்றிலும் இன்ஜின் அதிகமாக உழைக்க வேண்டும், ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்த வேண்டும். எம்ஜிபியின் 1798 சி.சி. இன்ஜினுக்கு அதிகபட்ச டார்க், அதாவது சுழற்றும் விசை, 3000 ஆர்பிஎம்-ஐ ஒட்டி வருகிறது. 2850-இல் போய்க்கொண்டிருக்கிற இன்ஜின் நல்ல நிலையில் இருக்கிறது, லேசான ஏற்றம் வந்தால் அப்படியே ஏறிவிடும். 2240-இல் போகிற இன்ஜினுக்குச் சமதளத்தில் நிம்மதி, மேம்பாலம் ஒன்று வந்தாலே திணறல். திணறும்போது டாப் கியரிலேயே அழுத்திக்கொண்டு போகிறவர்கள் உண்டு. பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் அது நல்லதல்ல, குறைந்த சுற்றில் அதிக பாரம் என்பது கொஞ்சம் கூடுதல் சுற்றை விட மோசம் என்பதுதான் என் எண்ணம். பெட்ரோல் மிச்சம்? என் காரில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இல்லை.

இந்தக் கார்களைச் செய்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஆஸ்டின்-ஹீலி 3000-இல் ஓவர்டிரைவ் இல்லாத காருக்கு 3.545, ஓவர்டிரைவ் இருந்தால் 3.909. ஜாகுவார் மார்க் 2 மேனுவலுக்கு 3.54, ஓவர்டிரைவோடு 3.77. டிரையம்ஃப் டிஆர் 4-இல் வழக்கமான ஆக்சில் 3.7, ஓவர்டிரைவ் வைத்திருப்பவர்கள் 4.1 எடுக்கலாம். டிரையம்ஃபின் ஜிடி 6-இன் ஆரம்பக் கார்களில் 3.27, ஓவர்டிரைவோடு 3.89. எல்லாம் ஒரே திசை, ஓவர்டிரைவ் வந்தால் ஆக்சில் எண் பெரிதாகிறது, சிறியதாகவில்லை! நெடுஞ்சாலையை ஓவர்டிரைவ் பார்த்துக்கொள்ளும் என்பதால் மிச்சக் கியர்கள் எல்லாவற்றுக்கும் அவர்கள் இழுவையைக் கூட்டிக் கொடுத்தார்கள். எம்ஜிபியில் மட்டும் இந்த வரிசைக்கு மாறாக இரண்டுக்கும் ஒரே 3.909.

எம்ஜிசியின் கதை இன்னும் நேரடியாகப் பொருந்தும். 2912 சி.சி. ஆறு சிலிண்டர் இன்ஜின், எம்ஜிபியின் உடம்பு, 15 அங்குலச் சக்கரம். முதலில் வந்தபோது சாதாரண மாடலுக்கு 3.07, ஓவர்டிரைவுக்கு 3.31. பிறகு அதையே சாதாரணத்துக்கு 3.31, ஓவர்டிரைவுக்கு 3.7 என்று மாற்றினார்கள். அவ்வளவு பெரிய இன்ஜினுக்கே ஓவர்டிரைவோடு 3.7 தான் கடைசியில் தங்கியது என்றால், அதைவிட ஆயிரம் சி.சி. குறைந்த இன்ஜினுக்கு 3.3 கொடுப்பது எப்படிச் சரியாகும்? 3.071 வந்தது 3528 சி.சி. வி8 போட்ட எம்ஜிபி ஜிடியில். அந்த இன்ஜின் இருந்தால் அந்த ஆக்சில் மிகச் சரி. எங்கும் அவசரப்படாமல் தள்ளிக்கொண்டு போகும்.

சரி, எதை எடுப்பது? ஒவ்வொன்றாக என் கருத்தைச் சொல்கிறேன்.

3.909-ஐ அப்படியே வைத்துக்கொள்வது பெரும்பாலானவர்களுக்குச் சரி. முக்கியமாக மலைப்பாதை, நகரம், நெடுஞ்சாலை எல்லாம் கலந்து ஓட்டுபவர்களுக்கு. 1.382, 1.133, 1.0, 0.82 என்று மேல் நான்கு கியரும் படிக்கட்டு மாதிரி அழகாக அமைந்திருக்கின்றன, மலைப்பாதையில் மூன்றாவது ஓவர்டிரைவுக்கும் டாப்புக்கும் விரல் நுனியில் மாறி மாறிப் போவது இந்தக் காரின் பெரிய சுகங்களில் ஒன்று, அதைக் கெடுக்காதீர்கள். மணிக்கு 100-இல் 2850 என்பது ஆரோக்கியமான ஒரு இன்ஜினுக்குச் சாதாரணம்.

3.7 தான் இப்போது என் காரில் இருக்கிறது. வாரக் கடைசியில் நீண்ட தூரம், மணிக்கு 100-இலிருந்து 115 வரை மணிக்கணக்கில் ஓட்டுகிறவர்களுக்கு, இன்ஜினும் கொஞ்சம் நன்றாக இருந்தால், இதைத் தயங்காமல் சொல்வேன். வேகம் 110-இல் ஓவர்டிரைவில் 2970, டார்க் உச்சத்துக்குப் பக்கத்திலேயே. வெறும் டாப் கியரும் பயன்படும் கியராகவே மிஞ்சுகிறது. இன்னொரு பொருத்தமும் இருக்கிறது: காரின் அதிகபட்ச வேகம் மணிக்கு 170-ஐ ஒட்டி, இன்ஜினின் அதிகபட்ச குதிரைத்திறன் 5400 வாக்கில். 3.909-இல் டாப் கியர் அந்தச் சுற்றைத் தாண்டிப் போய்விடும், 3.7-இல் சுமார் 5600, கிட்டத்தட்ட நேராக உட்காரும். யாரும் அந்த வேகத்தில் போகப் போவதில்லை, ஆனாலும் கியருக்கும் இன்ஜினுக்கும் பொருத்தம் எப்படி என்று அது காட்டுகிறது. ஆனால் இருக்கிற 3.909 சத்தமில்லாமல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் இந்த 5 சதவீதத்துக்காக மட்டும் அதைத் திறக்காதீர்கள். எப்படியும் டிஃபரன்ஷியலில் (ஆக்சிலின் நடுவே இரண்டு சக்கரத்துக்கும் சுற்றைப் பிரித்துக் கொடுக்கிற பகுதி) வேலை வந்துவிட்டது என்றால் அப்போது மாற்றிக்கொள்ளலாம்.

3.307-ஐ இன்ஜின் வேலை செய்தவர்களுக்கு மட்டும் சொல்வேன். கீழ்ச்சுற்றில் டார்க் கூட்டிய பெரிய சிசி இன்ஜின், அல்லது ஓவர்டிரைவே இல்லாத கார். ஓவர்டிரைவ் கெட்டுப்போய், அதைச் சரிசெய்ய வழியில்லாமல் இருப்பவர்கள் 3.307 போட்டால் நெடுஞ்சாலையில் ஓவர்டிரைவ் இருந்த மாதிரியே போகலாம் என்பது மேலே பார்த்த கணக்கிலேயே தெரியும். அவர்களுக்கு இது உண்மையான தீர்வு. ஓவர்டிரைவும் வைத்துக்கொண்டு 3.307-உம் போடுவது, 18 சதவீதத்துக்கு மேல் இன்னொரு 15 சதவீதம், சாதாரண 1800 இன்ஜினால் தூக்க முடியாத சுமை.

4.1-ஐயும் விட்டுவிடக் கூடாது. மலை ஏற்றப் போட்டி, வளைவு நிறைந்த சாலை, இவைதான் உங்கள் ஓட்டம் என்றால் 4.1-ஐ 0.82-ஆல் பெருக்கினால் 3.36, நெடுஞ்சாலையில் மணிக்கு 100-இல் சுமார் 2990. தாங்கக்கூடியதுதான். டிஆர் 4 ஓட்டுகிறவர்கள் பலர் இதில் சந்தோஷமாக இருப்பதற்குக் காரணம் உண்டு, அவர்களுக்கு ஓவர்டிரைவ் இரண்டாவது கியரிலும் விழும்.

அமெரிக்கக் கார் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும், அங்கே ஓவர்டிரைவின் எண்ணே சிறியது. பழைய போர்க்-வார்னர் ஆர் 10, ஆர் 11 வகை 0.70. 4.10 ஆக்சிலோடு சேர்ந்தால் 2.87. பிற்காலத்து ஆட்டோமேட்டிக் பெட்டியை மாற்றிப் போட்டவர்கள், உதாரணமாக ஜிஎம் 700ஆர்4, ஓவர்டிரைவ் 0.70, முதல் கியர் 3.06, பழைய 3.08 ஆக்சிலை அப்படியே விட்டால் 2.16 ஆகிவிடும், இன்ஜின் நெடுஞ்சாலையில் தூங்கிவிடும். அதற்கு 3.73 போட்டால் 2.61, கிளம்புவதும் சுகம். ஓவர்டிரைவ் 0.67 இருக்கிற 200-4ஆர் பெட்டிக்கும் இதே வழிதான். இங்கேயும் விதி அதே: ஓவர்டிரைவ் எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு ஆக்சில் எண் பெரிதாக இருக்க வேண்டும்.

மாற்றுவதற்கு முன்னால் உங்களிடம் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். இத்தனை வருடத்தில் யார் எதை மாற்றினார்களோ தெரியாது. ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, தரையில் இருக்கிற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, தூக்கிய சக்கரத்தைச் சரியாக 20 சுற்று சுற்றுங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்டில் கோடு போட்டு ஒருவர் எண்ணட்டும். 39 சுற்று வந்தால் 3.909, 37 வந்தால் 3.7, 33 வந்தால் 3.307. ஒரு சக்கரம் நிற்கும்போது டிஃபரன்ஷியல் பாதிச் சுற்றைத்தான் கிரவுன் வீலுக்குக் கொடுக்கும், அதனால்தான் 10-க்குப் பதில் 20. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

டயரையும் பாருங்கள். 165 ஆர் 14 இருக்க வேண்டிய இடத்தில் 175/70 ஆர் 14 போட்டிருந்தால் சக்கரம் 3 சதவீதம் சிறியது, 3.909 ஆக்சில் 4.03 ஆகிவிட்ட மாதிரி. ‘என் கார் ரொம்பச் சுற்றுகிறது’ என்று ஆக்சில் தேடுகிறவர், 3.7 தருகிற பலனில் பாதிக்கு மேல் டயரிலேயே எடுத்துவிடலாம்.

சத்தத்தையும் பிரித்துப் பாருங்கள். நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வெடிக்கும், 2850 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 95 முறை. எக்ஸாஸ்ட் குழாய் அந்த அதிர்வில் ‘ம்ம்ம்’ என்று அதிர ஆரம்பித்தால் காருக்குள் உட்கார முடியாது. அது சுற்று அதிகம் என்பதால் வருவதல்ல, அந்தக் குறிப்பிட்ட சுற்றில் வருவது. 90-இல் ஓட்டிப் பாருங்கள், 110-இல் ஓட்டிப் பாருங்கள். இடையில் மட்டும் சத்தம் என்றால் எக்ஸாஸ்ட் ரப்பரும் இன்ஜின் மவுண்டிங்கும் மாற்றினாலே போதும்.

இனி வேலை. கிரவுன் வீலும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட ஜோடி, இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். ஒன்றை ஒரு காரிலிருந்தும் மற்றதை வேறொன்றிலிருந்தும் எடுத்துப் போடவே கூடாது. நான் 3.7-க்கு மாறியபோது முதலில் வேலை செய்த பட்டறையில் இடைவெளியைச் சரிசெய்கிற மெல்லிய தகடான பழைய ஷிம்மையே திருப்பிப் போட்டுவிட்டார்கள், பினியனின் ஆழத்தை அளக்கவில்லை. வண்டி மணிக்கு 70-ஐத் தொட்டதும் ஊளையிட்டது, ஆக்சிலரேட்டரை விட்டால் ஊளை நின்றது. திரும்பத் திறந்து, பல்லில் நீல மசி தடவி, எங்கே பதிகிறது என்று பார்த்து, ஷிம் மாற்றி, பற்களுக்கு இடையிலான தளர்வான பேக்லாஷைச் சரிசெய்து, பினியன் பேரிங்குக்கு ப்ரீலோடு என்கிற தேவையான இறுக்கமும் வைத்த பிறகுதான் அடங்கியது. இந்த நான்கையும் அளந்து செய்யத் தெரிந்த கை கிடைக்கும்வரை காத்திருங்கள், கிடைக்கவில்லையா, நல்ல நிலையில் இருக்கிற முழு ஆக்சிலாகவே தேடி மாற்றிவிடுங்கள். சில ரேஷியோக்களுக்கு டிஃபரன்ஷியல் கேரியரே வேறு என்பதால் பல்ஜோடி மட்டும் வாங்குவதற்கு முன் அதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஓவர்டிரைவ் இருக்கிற காரில் இன்னும் ஒன்று. ரிவர்ஸில் ஓவர்டிரைவ் பிடித்துக்கொண்டிருந்தால் உள்ளே இருக்கிற ஒருவழிக் கிளட்ச் உடைந்துபோகும். அதைத் தடுக்கத்தான் கியர்பாக்ஸில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஆக்சிலுக்காகக் கார் தூக்கியிருக்கும்போதே அந்தச் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

கடைசியாக ஸ்பீடோமீட்டர். அதன் கேபிள் கியர்பாக்ஸின் பின்முனையிலிருந்து வருகிறது, ஆக்சிலுக்கு முன்னாலேயே. ஆக்சில் எண் சிறியதானால் அதே வேகத்துக்குக் கேபிள் குறைவாகச் சுற்றும், முள் குறைத்துக் காட்டும். 3.909-க்குச் சரியாக இருந்த மீட்டர் 3.7-இல் 100 என்று காட்டும்போது நீங்கள் 105-க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள், 3.307 என்றால் 118. ஸ்மித்ஸ் மீட்டரின் முகப்பில் சின்னதாக 1280, 1000 என்பது போல ஓர் எண் இருக்கும், ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று என்பது அது. மீட்டர் சரிசெய்கிறவரிடம் புதிய ரேஷியோவையும் நீங்கள் உருட்டி அளந்த டயர் தூரத்தையும் கொடுத்தால் அதற்கேற்ப அமைத்துத் தருவார். அதுவரை செல்போன் ஜிபிஎஸ்ஸை டாஷ்போர்டில் வைத்து ஓட்டுங்கள்.